எர்ணாவூரில் ஸ்கூட்டர் ஓட்டும் இளையோர்: தலைக்கவசமும் சாலைப் பழக்கமும்

ஸ்கூட்டரில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வண்டி நின்றபடியே சரிந்தால்கூட, அந்த உயரத்திலிருந்து விழும் தலை சாலையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரை ஒட்டியிருக்கும். மண்டையோடு விரிசல் விடவும் மூளைக்குள் ரத்தம் கசியவும் இந்த வேகமே போதும். போகிற தூரம் குறைவு என்பதால் இந்தக் கணக்கு மாறுவதில்லை. வடசென்னையின் எர்ணாவூர் வீடுகளில் பிள்ளைகள் ஸ்கூட்டர் சாவியை எடுக்கும்போது "டேய், ஹெல்மெட்ட எடுத்துக்கினு போடா" என்று அம்மா சொன்னால், "தேரடி வரைக்குந்தாம்மா, தோ வந்துட்டேன்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். தலைக்கவசம் பற்றிய பேச்சு இந்தப் பதிலிலிருந்துதான் தொடங்க வேண்டும். பாரிமுனைக்கோ தாம்பரத்துக்கோ போகும்போது மறக்காமல் ஹெல்மெட் எடுப்பவர்கள்கூட கடைக்கும் டியூஷனுக்கும் வெறுந்தலையோடு போகிறார்கள். பழக்கம் விட்டுப்போவது அந்தச் சின்னப் பயணங்களில்தான்.

எர்ணாவூரில் வீட்டுத் தெருவுக்கும் கனரக வாகனங்கள் ஓடும் சாலைக்கும் இடையே தூரம் அதிகமில்லை. கிழக்கே கடலை ஒட்டி எண்ணூர் விரைவு சாலை. மேற்கே பக்கிங்காம் கால்வாயைத் தாண்டினால் மணலி. நடுவில் கும்மிடிப்பூண்டி நோக்கிப் போகும் ரயில் பாதை, அதன் மேலே எர்ணாவூர் மேம்பாலம். மணலி, மாதவரம் பக்கத்துக் கிடங்குகளிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்கள் இந்த மேம்பாலத்தில் ஏறி இறங்கி, திருவொற்றியூர், காசிமேடு வழியாக ராயபுரத்துக்குச் செல்கின்றன. வடக்கே எண்ணூரில் 2001-இல் செயல்படத் தொடங்கி, 2014-இல் காமராஜர் துறைமுகம் என்று பெயர் பெற்ற துறைமுகத்துக்கான போக்குவரத்தும் இந்த வட்டாரத்துச் சாலைகளில்தான் கலக்கிறது. எண்ணெய் டேங்கர்கள், உரம் ஏற்றிய லாரிகள், ஆலைப் பேருந்துகள் எல்லாம் இவற்றோடு சேர்ந்துகொள்கின்றன. இவற்றுக்கு நடுவேதான் பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரிக்கும் பிராட்வே பாரதி மகளிர் கல்லூரிக்கும் போகும் மாணவர்கள், ஷிப்ட் வேலைக்குப் போகும் ஒப்பந்தத் தொழிலாளர்கள், உணவு டெலிவரி செய்யும் பையன்கள், மீன் கூடையோடு காசிமேட்டிலிருந்து திரும்பும் பெண்கள் என அத்தனை பேரும் ஸ்கூட்டரில் போகிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் பக்கத்துத் திருவொற்றியூர்த் தேரடி வரைக்கும் போவதும் முழுப் பயணம்தான்.

நாடு முழுவதற்குமான கணக்கு இந்த அனுபவத்தை உறுதி செய்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-இல் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். இந்த 50,029-இல் வண்டி ஓட்டியவர்கள் 35,692, பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் 14,337. ஹெல்மெட் இல்லாமல் இறந்த ஏழு பேரில் இருவர் பின்னிருக்கையில் இருந்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னால் உட்காருபவர் பெரும்பாலும் தோழியாகவோ தம்பியாகவோ அம்மாவாகவோ இருப்பார். அவர் தலைக்கு ஒன்றும் போடாமல் வருவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அதே ஆண்டு எண்ணிக்கையில் மிக அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு: 64,105.

தலைக்கவசம் உயிரைக் காக்கும் என்பது ஒரு காலத்தில் ஊகமாகத்தான் இருந்தது. அதைச் சான்றோடு நிலைநாட்டியவர் இங்கிலாந்தின் நரம்பியல் அறுவை மருத்துவர் ஹியூ கெய்ன்ஸ். 1935 மே மாதம், சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்கள் மீது மோதாமல் இருக்கத் தன் மோட்டார் சைக்கிளைத் திருப்பி, தூக்கியெறியப்பட்டு, ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து இறந்தார் டி. ஈ. லாரன்ஸ். 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று உலகம் அறிந்த அவரைக் கவனித்த மருத்துவர்களில் கெய்ன்ஸும் ஒருவர். அதன்பின் அவர் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராயத் தொடங்கினார். 1941-இல் வெளிவந்த அவருடைய கட்டுரைதான் பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்க வழி செய்தது. பிற்காலத்தில் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் ஆய்வுரை, விபத்தில் சிக்கும் இருசக்கர வாகன ஓட்டிக்கு ஹெல்மெட்டால் மரண அபாயம் சுமார் 42 விழுக்காடும் தலைக்காய அபாயம் சுமார் 69 விழுக்காடும் குறைகின்றன என்று 2008-இல் மதிப்பிட்டது.

ஹெல்மெட் வேலை செய்யும் விதத்தை ஒருமுறை விளக்கிக் காட்டிவிட்டால், பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அதன்பின் நூறு முறை புத்தி சொல்ல வேண்டியதில்லை. வெளியே இருக்கும் கடினமான ஓடு, அடியை ஒரே புள்ளியில் இறங்கவிடாமல் பரப்புகிறது. கூரான கல் உள்ளே நுழைவதைத் தடுக்கிறது. ஆனால் உயிரைக் காக்கும் பெரிய வேலையைச் செய்வது அதற்கு உள்ளே, துணிக்குப் பின்னால் மறைந்திருக்கும் வெள்ளை அடுக்கு. டி.வி. பெட்டிக்குள் வைத்து வருகிற தெர்மாகோல் எந்தப் பொருளோ, அந்தப் பொருளைத்தான் அடர்த்தியாக அழுத்தி இந்த அடுக்கைச் செய்கிறார்கள். தலை மோதும்போது இந்த அடுக்கு நசுங்குகிறது. அது நசுங்கும் அந்த மிகச் சிறிய நேரத்தில் தலையின் வேகம் படிப்படியாகக் குறைகிறது; மூளை மண்டையோட்டின் உட்சுவரில் போய் அறைவது தணிகிறது. நசுங்கிய அடுக்கு பழைய நிலைக்குத் திரும்பாது. அதனால்தான் பலமாக ஒருமுறை அடிவாங்கிய ஹெல்மெட்டை, வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், மாற்ற வேண்டும் என்கிறார்கள். பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய் மூன்றும் இந்த அடுக்கைக் கரைத்துவிடும். எனவே ஸ்டிக்கர் கறையைப் போக்க பெட்ரோல் நனைத்த துணியால் ஹெல்மெட்டைத் துடைக்கக் கூடாது. மிதமான சோப்புத் தண்ணீர் போதும்.

சாலையோரத்தில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு விற்கும் மலிவான தொப்பிகள் பலவற்றில் இந்த வெள்ளை அடுக்கே இருப்பதில்லை. ஒரு பிளாஸ்டிக் ஓடும், மெல்லிய பஞ்சும், அச்சடித்த முத்திரையும்தான் இருக்கும். அபராதத்திலிருந்து தப்பிப்பதற்காக மட்டும் வாங்கப்படும் பொருள் அது. 2021 ஜூன் 1 முதல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் சான்று பெற்ற இருசக்கர ஹெல்மெட்டுகளை மட்டுமே விற்க வேண்டும் என்பது சட்டம். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஐ.எஸ். 4151 என்ற தர எண்ணும், தயாரிப்பாளரின் சி.எம்/எல் உரிம எண்ணும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அந்த உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் என்ற கைபேசிச் செயலியில் தட்டினால், அது உண்மையானதா, எந்த நிறுவனத்துக்கு உரியது என்பது தெரிந்துவிடும். புது வண்டி வாங்கும்போது தரச்சான்று பெற்ற ஹெல்மெட்டையும் சேர்த்துத் தர வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 138 சொல்கிறது. இதைக் கேட்டு வாங்காமல் வருகிற குடும்பங்கள் பல.

அளவு சரியாக இல்லாத ஹெல்மெட் விபத்தின்போது கழன்று பறந்துவிடும். தையல் டேப்பை எடுத்து, புருவத்துக்குச் சற்று மேலே தொடங்கி, தலையின் பின்புறம் துருத்தி நிற்கும் இடத்தைச் சுற்றி அளந்தால் சென்டிமீட்டரில் அளவு கிடைக்கும். இங்கே கடைகளில் பொதுவாக 58 என்பது மீடியம், 60 என்பது லார்ஜ். போட்டுப் பார்க்கும்போது இரண்டு கன்னமும் லேசாக அழுந்த வேண்டும். தலையை வேகமாக ஆட்டினால் ஹெல்மெட்டும் கூடவே வர வேண்டும், தனியாகச் சுழலக் கூடாது. வாரை மாட்டியபின் பின்பக்கத்தைப் பிடித்து முன்னோக்கி உருட்டித் தள்ளிப் பார்க்க வேண்டும். கழன்று வந்தால் அந்த அளவு வேண்டாம். தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரலோ இரு விரலோ நுழையும் அளவு இறுக்கம் இருந்தால் சரி. அண்ணனுடைய ஹெல்மெட்டைத் தங்கை போட்டுக்கொள்வது எர்ணாவூரில் சாதாரணம். கொள கொளவென்று ஆடும் அந்த ஹெல்மெட் அவளைக் காப்பாற்றாது. குறைந்தபட்சம் ஓட்டுபவருக்காவது அவரவர் அளவில் ஒன்று வேண்டும்.

வாரை மாட்டாமல் ஹெல்மெட் போடுவது இந்த வட்டாரத்தில் மிகப் பரவலாகக் காணப்படும் தவறு. காவலரைக் கண்டதும் தலையில் கவிழ்த்துக்கொண்டு, தாண்டியதும் முழங்கையில் மாட்டிக்கொள்வது இன்னொன்று. ரியர்வியூ கண்ணாடியிலோ கால்வைக்கும் இடத்திலோ கிடக்கும் ஹெல்மெட்டையும் இதோடு சேர்க்கலாம். இவர்களிடம் ஹெல்மெட் இருக்கிறது. வாங்கப் பணமும் இருந்திருக்கிறது. ஆகவே இவர்களுக்குத் தேவை இன்னொரு ஹெல்மெட்டோ இன்னொரு அபராதமோ அல்ல. அணிவதில் இருக்கும் சிரமங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் வழி காட்டுவதே பலன் தரும். "சொன்னாக் கேக்கிறதில்ல" என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்ளும் பல இடங்களில், பிள்ளைகள் சொல்லும் காரணம் உண்மையானதாகவே இருக்கிறது.

முதல் காரணம் வியர்வை. கடற்காற்றின் ஈரமும் சித்திரை வெயிலும் சேரும் ஊரில் இது வெறும் சாக்கு அல்ல. முன்புறமும் உச்சியிலும் காற்றுத் துளைகள் உள்ள, எடை குறைந்த ஹெல்மெட்டைத் தேர்ந்தெடுக்கலாம். உள்துணியைக் கழற்றித் துவைக்கக்கூடிய ரகமாக இருந்தால் நல்லது. உள்ளே ஒரு மெல்லிய பருத்திக் கர்சீப்பைக் கட்டிக்கொண்டு அதைத் தினமும் மாற்றினால் நாற்றமும் அரிப்பும் பெருமளவு குறையும். தலைமுடி கொட்டுகிறது என்று சொல்பவர்களுக்கும் பெரும்பாலும் இதுவே தீர்வு. வாரக்கணக்கில் துவைக்காத ஈரத்துணி தலையில் உரசுவதால் வரும் பொடுகும் அரிப்பும் ஹெல்மெட்டின் பெயரில் எழுதப்படுகின்றன. பெண்களுக்கு வரும் தொல்லை வேறு. உயரமாகப் போட்ட கொண்டையும், பின்னந்தலையில் குத்திய கிளிப்பும், உச்சியில் வைத்த பூவும் ஹெல்மெட்டைச் சரியாக இறங்கவிடாது. விழும்போது கிளிப்பே காயத்தை உண்டாக்கும். சடையைக் கழுத்தளவில் தாழ்த்திப் பின்னி, பூவை அதற்குக் கீழே வைத்தால் சிக்கல் தீர்ந்துவிடும். கல்யாணத்துக்குப் போகிறவர்கள் பூவைப் பையில் எடுத்துப்போய் மண்டப வாசலில் வைத்துக்கொள்கிறார்கள்; இது நல்ல வழக்கம்.

காது கேட்கவில்லை என்பது அடுத்த காரணம். ஹெல்மெட் வெளியோசையைச் சற்றுத் தணிக்கும். காற்றின் இரைச்சலையும் சேர்த்தே தணிப்பதால் பின்னால் வரும் லாரியின் ஹாரன் கேட்காமல் போவதில்லை. உண்மையில் காதை அடைப்பது ஹெல்மெட்டுக்குள் செருகிய இயர்போன். கண்ணாடி மங்கலாக இருப்பதும், கீறல் விழுந்திருப்பதும் நியாயமான குறை. முன்கண்ணாடியைத் தனியே மாற்றிக்கொள்ளலாம். இரவில் ஓட்டுபவர்களுக்குக் கறுப்புக் கண்ணாடி கூடவே கூடாது. மணலி, எண்ணூர் பக்கம் சாம்பலும் தூசியும் பறக்கும் நாட்களில் தெளிந்த முன்கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுவது கண்ணுக்கும் பெரிய காவல்.

இன்னொரு காரணத்தைப் பெரியவர்கள் அவ்வளவாகக் கவனிப்பதில்லை: ஹெல்மெட்டை எங்கே வைப்பது? வண்டியில் விட்டால் திருடு போகிறது, மழையில் நனைகிறது; கையில் தூக்கிக்கொண்டு வகுப்பறைக்கோ கடைக்கோ போவது தொல்லை. பெரும்பாலான ஸ்கூட்டர்களில் இருக்கைக்கு அடியில் ஒரு கொக்கி உண்டு. ஹெல்மெட் வாரை அதில் மாட்டி இருக்கையைப் பூட்டினால் எளிதில் எடுத்துப்போக முடியாது. கல்லூரியும் ஆலையும் வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு கூரையும் ஹெல்மெட் வைக்க ஓர் அடுக்கும் அமைத்துத் தந்தால், வாசலில் காவலாளி கெடுபிடி செய்வதைவிட அதிகப் பயன் கிடைக்கும். வசதி செய்து கொடுத்துவிட்டுக் கண்டிப்பாக இருப்பதுதான் நியாயம்.

வீட்டில் செய்யக்கூடியவற்றுள் மிக எளியது, வண்டிச் சாவியையும் ஹெல்மெட்டையும் ஒரே ஆணியில் மாட்டுவது. ஒன்றை எடுக்கும் கை மற்றொன்றையும் எடுக்கும். வாரை மாட்டிய பிறகே சாவியைப் போடுவது என்ற வரிசையை முதல் மாதம் விடாமல் கடைப்பிடித்தால் பிறகு யோசிக்க வேண்டியதில்லை. இரண்டாவது ஹெல்மெட் ஒன்றும் வீட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் உட்காருபவருக்குத் தருவதற்கு ஒன்றுமிருக்காது. ஹெல்மெட்டின் நிறத்தையும் வடிவத்தையும் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். தனக்குப் பிடித்ததை வாங்கியவர் அதைப் போட்டுக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். எல்லாவற்றுக்கும் மேலாக, அப்பா வெறுந்தலையோடு டீக்கடைக்குப் போய்வரும் வீட்டில் மகனுக்குச் சொல்லும் புத்திமதி நிற்காது.

நண்பர்கள் நடுவே சொல்லும் சொல்லுக்கு வீட்டுச் சொல்லைவிட வலு அதிகம். ரத்தம் வழியும் படங்களைக் காட்டிப் பயமுறுத்தினால் அன்றைக்கு மட்டும் தலை குனிவார்கள். அடுத்த வாரம் மறந்துவிடும். ஆனால் வண்டி வைத்திருக்கும் பையன் "ஹெல்மெட் இல்லன்னா ஏறாத மச்சான்" என்று ஒரு முறை சொல்லிவிட்டால், அந்தக் குழுவின் வழக்கமே மாறும். வண்டி அவனுடையது, சொல்லும் உரிமையும் அவனுக்கு உண்டு. பின்னால் உட்காரும் பெண், "நீ போட்டாத்தான் நான் வருவேன்" என்று சொல்வதும் அப்படியே. ட்ரிப்பிள்ஸ் ஏற்ற மறுப்பதற்கும் இதே துணிவு தேவை. இத்தகைய ஒருவரைக் குழுவில் அடையாளம் கண்டு அவரிடம் பேசுவது, மேடை போட்டு எல்லோருக்கும் உறுதிமொழி வாசிப்பதைவிடப் பலன் உள்ளது.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு ஓட்டுபவர், பின்னால் இருப்பவர் இருவருக்கும் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்குகிறது. 2019 திருத்தத்தின்படி நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கும் அது பொருந்தும். தமிழ்நாட்டில் 2007 ஜூனில் கட்டாயமாக்கப்பட்டுப் பின் தளர்ந்த இந்த விதி, நீதிபதி என். கிருபாகரன் பிறப்பித்த உயர் நீதிமன்ற உத்தரவால் 2015 ஜூலை 1 முதல் மீண்டும் உயிர்பெற்றது. சென்னையில் 2022 மே 23 முதல் பின்னிருக்கையில் இருப்பவர்களுக்கும் போக்குவரத்துக் காவல்துறை அபராதம் விதிக்கத் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் அபராதம் 100 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது. வயதைப் பொறுத்தவரை ஒரு தவறான புரிதல் பரவியிருக்கிறது. 16 வயதில் கிடைக்கும் உரிமம் 50 சிசி-க்கு மேற்படாத வண்டிக்கு மட்டுமே. தெருவில் ஓடும் 110, 125 சிசி ஸ்கூட்டர்களுக்கு 18 வயது நிரம்ப வேண்டும். வயது நிரம்பாத பிள்ளை ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால் 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் ஓடும் சிறிய மின் ஸ்கூட்டர்களுக்கு உரிமமும் பதிவும் தேவையில்லை என்பதால் பள்ளிப் பிள்ளைகளிடம் அவை பெருகுகின்றன. ஆனால் அவற்றில் அமர்ந்தாலும் தலை அதே உயரத்தில்தான் இருக்கிறது.

தலைக்கவசத்தால் ஆகாத வேலை ஒன்று உண்டு. டிரெய்லரின் சக்கரத்துக்கு அடியில் அது பயன்படாது. எர்ணாவூரில் வண்டி ஓட்டுபவர் முதலில் கற்க வேண்டியது டிரெய்லரின் நடத்தையைத்தான். 40 அடிக் கன்டெய்னர் மட்டுமே 12 மீட்டருக்கு மேல் நீளம். முன்னால் இழுக்கும் வண்டியையும் சேர்த்தால் இன்னும் கூடும். இந்த நீளம் திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் வருவதில்லை. வளைவின் உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அதனால் இடப்பக்கம் திரும்ப வேண்டிய டிரைவர், முதலில் முகப்பை வலப்பக்கம் விலக்கி இடம் எடுத்துக்கொள்கிறார். பின்னால் வரும் ஸ்கூட்டருக்கு, டிரெய்லர் வலது பக்கம் போகிறது, இடது பக்கம் வழி கிடைத்துவிட்டது என்று தோன்றும். அந்த இடைவெளிக்குள் நுழைந்தவர், சில விநாடிகளில் சுருங்கி மூடிக்கொள்ளும் இடத்தில் மாட்டிக்கொள்கிறார். மேம்பாலத்தின் அடிவாரத்திலும், விரைவு சாலையிலிருந்து கிளைச்சாலைகள் பிரியும் இடங்களிலும் இடப்பக்க இண்டிகேட்டரைப் பார்க்காமல் டிரெய்லரின் இடது புறம் நுழையவே கூடாது. இண்டிகேட்டர் எரியாத டிரெய்லர்களும் உண்டு. ஆகவே முகப்பு விலகுவதையே அறிகுறியாகக் கொள்வது மேல்.

நம் நாட்டில் டிரைவர் வலப்பக்கம் உட்காருகிறார். உயரமான கேபினிலிருந்து இடப்பக்கத்தில் தாழ்வாக வரும் ஸ்கூட்டர் அவர் கண்ணில் படுவது அரிது. முகப்புக்கு நேர் கீழே, பம்பரை ஒட்டி நின்றாலும் தெரியாது. டிரைவரின் முகம் அவருடைய பக்கக் கண்ணாடியில் நமக்குத் தெரியவில்லை என்றால், நாம் அவருக்குத் தெரியவில்லை என்று பொருள். சிக்னலில் டிரெய்லர்களுக்கு இடையே புகுந்து முன்னால் போய் நிற்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். பின்னாலேயே, அவருடைய கண்ணாடியில் தெரியும்படி, தள்ளி நிற்பது நல்லது. துறைமுகத்தை நோக்கி வரிசை கட்டி நிற்கும் டிரெய்லர்களைக் கடக்கும்போது, இரண்டு வண்டிகளுக்கு நடுவிலிருந்து கிளீனரோ தெரு மனிதர்களோ திடீரென்று வெளிப்படுவார்கள் என்று எதிர்பார்த்து வேகத்தைக் குறைக்க வேண்டும். இரவில் இதைவிடக் கொடியது, பின்விளக்கு எரியாமல் ஓரத்தில் நிறுத்தப்பட்ட டிரெய்லர். எதிரே வரும் லாரியின் வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்யும் நேரத்தில் அது தெரியவே தெரியாது. இரவில் சாலையின் இட ஓரத்தை ஒட்டிப் போகாமல், ஸ்கூட்டரின் முகப்பு விளக்கு எட்டும் தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகத்தில் போவதே இதற்கு ஒரே வழி.

வேகத்தைப் பற்றிச் சொல்லும்போது எண்களைவிட உயரம் எளிதில் புரிகிறது. மணிக்கு 40 கிலோமீட்டரில் நேரே மோதுவது ஏறத்தாழ இரண்டாம் மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். 60-இல் அது நான்காம் மாடியைத் தாண்டிவிடும். இடையூறைக் கண்டு கை பிரேக்கைத் தொடுவதற்கு ஆகும் ஒன்றரை விநாடியில் 40-இல் போகும் வண்டி 17 மீட்டரும், 60-இல் போவது 25 மீட்டரும் கடந்துவிடும். எண்ணூர் விரைவு சாலை காலியாகக் கிடக்கும் பின்னிரவில் பையன்கள் முறுக்கும்போது, இந்த எட்டு மீட்டர் வித்தியாசம்தான் உயிருக்கும் சாவுக்கும் நடுவே இருக்கிறது.

ஸ்கூட்டரின் சக்கரம் சிறியது; பெரும்பாலும் 10 அல்லது 12 அங்குலம். மோட்டார் சைக்கிள் ஏறிக் கடக்கும் பள்ளத்தில் இது இறங்கி நின்றுவிடும். கனரக வண்டிகளால் சிதைந்த சாலையில் மழைநீர் தேங்கியிருந்தால் அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. முன்னால் போகும் வண்டி எப்படிக் குலுங்குகிறது என்று பார்த்தே போக வேண்டும். கடலோரச் சாலையில் காற்று அடித்துக் கொண்டுவந்த மணல் ஓரங்களில் படிந்திருக்கும். காசிமேட்டுப் பக்கம் மீன் வண்டிகளிலிருந்து ஒழுகிய தண்ணீர் வழுக்கும். வடகிழக்குப் பருவமழையின் முதல் தூறலில் எண்ணெய்க் கறையும் தூசியும் குழைந்து சாலை சோப்புப் பூசியதுபோல் ஆகிவிடும். மூன்றுக்கும் விதி ஒன்றே: அந்த இடத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வண்டியைச் சாய்க்காமல், பிரேக்கைத் தொடாமல் நேராகக் கடப்பது.

பிரேக் பிடிக்கும் முறையைத் தனியாகப் பழக வேண்டும். முன் பிரேக்கைத் தொட்டால் குப்புற விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் பலர் இடக்கைப் பிரேக்கை மட்டும் பிடிக்கிறார்கள். நிறுத்தும் வலுவில் பெரும்பங்கு முன்சக்கரத்தில்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்துவதே முறை. 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையிலான வண்டிகளில் வரும் சி.பி.எஸ். அமைப்பில் இடக்கைப் பிரேக் முன்சக்கரத்தையும் ஓரளவு பிடிக்கும். ஆனாலும் வலக்கைப் பிரேக்குக்கு அது ஈடாகாது. விடிகாலையில் ஆளில்லாத மைதானத்தில் 20, 30 கிலோமீட்டர் வேகத்தில் பல முறை நிறுத்திப் பழகினால் கைக்கு அது பாடமாகிவிடும். பதற்றத்தில் பிரேக்கோடு சேர்த்து ஆக்சிலரேட்டரையும் முறுக்குவது புதியவர்கள் செய்யும் தவறு. இதே பயிற்சியில் அதுவும் திருந்தும். கால்வைக்கும் இடத்தில் நிற்கும் குழந்தையின் கை ஆக்சிலரேட்டருக்குப் போகாமல் இருக்க, வண்டி நின்றதுமே என்ஜினை அணைக்க வேண்டும். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பாதுகாப்புப் பட்டையால் பெரியவரோடு சேர்த்துக் கட்டி, தலைக்கவசம் அணிவித்து, 40 கிலோமீட்டருக்கு மேற்படாமல் போக வேண்டும் என்ற விதி 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறையில் உள்ளது. கேஸ் சிலிண்டரையோ தண்ணீர்க் கேனையோ காலுக்கு நடுவே வைத்துப் போகும்போது ஹேண்டில் முழுதாகத் திரும்பாது என்பதையும், துப்பட்டாவின் நுனி பின்சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும் என்பதையும் கிளம்பும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

விபத்து நடந்துவிட்டால் அடிபட்டவரின் தலையையும் கழுத்தையும் அசைக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். மூச்சு விடத் திணறினாலோ வாந்தி எடுத்தாலோ தவிர ஹெல்மெட்டைக் கழற்றக் கூடாது. கழற்றியே ஆக வேண்டும் என்றால் ஒருவர் கழுத்தையும் தாடையையும் தாங்கிக்கொள்ள, மற்றவர் மெல்ல எடுக்க வேண்டும். எழுந்து நின்று "ஒண்ணுமில்ல" என்று சொல்பவருக்கும் சில மணி நேரம் கழித்து வாந்தி, மயக்கம், கடும் தலைவலி, குழறிய பேச்சு வந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மூளையில் ரத்தக் கசிவு மெதுவாகவும் வெளிப்படும். எர்ணாவூருக்கு அருகிலுள்ள பெரிய அரசு மருத்துவமனை ராயபுரத்தை ஒட்டிய ஸ்டான்லி. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்கீழ், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கியவருக்கு, அவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்த்தவர் தன் பெயரையோ முகவரியையோ சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்பு தருகிறது.